இரண்டாவது கியருக்கு ஒரு கை

“அக்கா” என்று என் தம்பி கூப்பிட்டான். நான் திரும்பினேன். அவன் கூப்பிட்டது என்னை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொத்தச் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானம். கார்ப் பைத்தியங்கள் நாங்கள் கூடுகிற இடம் அது. ஒரு ஓரத்தில் எங்கள் பழைய வண்டிகள் நிற்கும், எதிர் ஓரத்தில் புது வண்டிகள். எங்கள் வண்டிகள் பாதி நாள் தள்ளினால்தான் கிளம்பும் என்பதால் அவர்கள் எங்களைத் ‘தள்ளு கோஷ்டி’ என்பார்கள். பொத்தானை அமுக்கியதும் கிளம்பிவிடுகிற வண்டிக்காரர்களை நாங்கள் ‘பொத்தான் கோஷ்டி’ என்போம். என் தம்பி இந்த வருடம்தான் அந்த ஓரத்துக்குப் போனான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, ஊர் ஊராக அலைகிற பிழைப்பு, நம்பி ஏறுகிற வண்டி வேண்டும் என்று புதுசு வாங்கினான். அது நியாயம். வண்டி மாறினால் கோஷ்டியும் மாறவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அதை நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லித் தொலைப்பான்.

“அக்கா, உங்க பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு பாருங்க” என்று அவன் சொன்னது பல் டாக்டரிடம். பொத்தான் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. அவனைவிட மூத்தவள், என்னைவிட இளையவள். நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். தாடையைப் படமெடுக்க அவள் அனுப்புகிற நோயாளிகள் என்னிடம்தான் வருவார்கள். டாக்டர் எழுத்து என்றால் கோழி கிளறியதுபோல் இருக்கவேண்டும் என்பது உலக நியதி. இவள் சீட்டில் எழுதுவதோ அச்சடித்ததுபோல் இருக்கும். அதுவே எனக்குப் பிடிக்காது.

அவனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு நான் ஒருத்திதான் சொந்தக்காரி. பக்கத்து வீட்டுப் பெண்களை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானே தவிர, ஒருத்தியையும் ‘அக்கா’ என்றதில்லை. இப்போது நட்ட நடு மைதானத்தில் எத்தனை சுலபமாக வாயிலிருந்து வருகிறது! போதாததற்கு அவளுக்கு ‘உங்க’, ‘நீங்க’. எனக்கு எப்போதும் ‘நீ’தான். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘எங்கள்’ என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. கிளிப்பச்சை நிறம், பெட்டி போன்ற உடம்பு. பழைய இரும்புக் கடையில் அடுப்புக் கரிபோல் கிடந்ததை நானும் அவனும் சேர்ந்து எடுத்துவந்து ஓடவைத்தோம். எல்லாம் சரியானது, இரண்டாவது கியரைத் தவிர. வளைவில் திரும்பும்போது அது தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், இதற்குப் பல்சக்கரம் எங்கேயும் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் ஓட்டுவேன். தம்பி எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பான். வளைவு வந்ததும் நான் “புடி” என்பேன். அவன் வலது உள்ளங்கையால் கியர்த் தண்டை அழுத்திப் பிடித்துக்கொள்வான். வளைவு முடிந்தால் விடுவான். நீ ஓட்டு, நான் பிடிக்கிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீ பிடித்தால் சரிப்படாது என்று மறுத்துவிடுவான். அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அவன் போனபிறகு சைக்கிள் டியூபைக் கிழித்து, அந்தத் தண்டைக் கட்டி இழுத்து வைத்திருந்தேன். ஊருக்குள் ஓட்ட அது போதும். ஆனால் இந்த முறை இரண்டு கோஷ்டிகளும் சேர்ந்து மலைமேல் போவதாக ஏற்பாடு. மலைப்பாதையில் வளைவுக்கு மேல் வளைவு, பாதிக்கு மேல் இரண்டாவது கியர்தான். டியூபெல்லாம் அங்கே செல்லாது. தம்பி வரவேண்டும். அதுவும் நான் கூப்பிடாமல், அவனாக வந்து இடப்பக்கக் கதவைத் திறக்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவனோ மலைப் பயணத்தைப் பற்றி என்னிடம் மூச்சே விடவில்லை.

அன்று காலை டயர் காற்றுப் பேச்சு முடிவதற்குள் சண்டை வந்தது. அவர்கள் பக்கத்து டயர்க்கடைக்காரர், எங்கள் வண்டிகளையெல்லாம் எடைக்குப் போடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர், உங்களுடையது வண்டியே இல்லை, சக்கரம் வைத்த செல்போன், சார்ஜ் இறங்கினால் செங்கல்தான் என்றார். இரண்டு பக்கமும் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியபோது என் தம்பி நடுவில் புகுந்தான். தரையில் மோதினால் வண்டிக்குச் சேதம், ஆளுக்கும் சேதம். ஆன்லைனில் ஒரு கார்ப் பந்தயம் வைத்துக்கொள்ளலாம், பக்கத்துக்கு நான்கு பேர், அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் சொல்லி முடித்ததும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் சிரித்தபடி ஒரு பந்தயம் கட்டினாள். முதலில் வருகிறவர், மலைப் பயணத்தில் யார் எந்த வண்டியில் உட்காருவது என்று முடிவு செய்யலாம். இரண்டு கோஷ்டியும் கலந்து உட்கார்ந்தால் பகை தானாகக் குறையும் என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. நான் ஜெயித்தால் போதும். தம்பி என் வண்டியில் என்று உத்தரவு போட்டுவிடலாம். கூப்பிடவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஏற்பாட்டுக்கு நான், அவர்கள் பக்கத்துக்கு அவள். விதிமுறைகளை நானே எழுதினேன். விளையாட்டில் எத்தனையோ பறக்கும் வண்டிகள் இருக்க, எல்லோருக்கும் பழைய பச்சைப் பெட்டி வண்டிதான் என்றேன். ஆட்டோமேட்டிக் கூடாது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றுவதும் கூடாது, கிளட்சை மிதித்துக் கையால்தான் மாற்றவேண்டும் என்றேன். கேமரா ஓடவேண்டும், எல்லோருடைய மைக்கும் ஒரே பொது இணைப்பில் திறந்தே இருக்கவேண்டும் என்றேன். நியாயத்துக்காக என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அவள் கிளட்ச் மிதிக்கத் தெரியாமல் என் தம்பி கண்முன்னால் கடைசியில் வரவேண்டும். அவன் அவள் காதில் மட்டும் ரகசியமாக வழி சொல்லித் தரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் அவள் அனுப்பிய பதில் ஒன்றுதான்: “சரிங்கக்கா.” என்னையும் அக்கா என்கிறாள். சண்டைக்கு இழுத்தாலும் வராதவர்களோடு எப்படித்தான் சண்டை போடுவது?

பிறகுதான் விஷயம் தெரிந்தது. தம்பி போன் செய்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

“அவங்களுக்குக் கிளட்ச்சுன்னா என்னன்னே தெரியலக்கா. சாயங்காலம் கிளினிக் முடிஞ்சதும் நான்தான் போய்ச் சொல்லித் தர்றேன். நீ போட்ட ரூல்தானே?”

என்னிடம் கற்றதையெல்லாம் கொண்டுபோய் அங்கே கொட்டிக்கொண்டிருக்கிறான். தினமும் சாயங்காலம். நான் எழுதிய விதிதான் அவனை அங்கே அனுப்பியிருக்கிறது. போனை வைத்துவிட்டு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கார் என்றால் நான்கு சக்கரம், ஒரு கதவு, உள்ளே தூக்கம். கேட்டுவிட்டு, “சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் பாக்கறேன்” என்றார். அன்றைக்கு எக்ஸ்ரே அறையில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு, “விடுங்க” என்று சொல்ல மறந்து, ஒரு பெரியவரை முகம் சிவக்க நிற்கவைத்துவிட்டேன்.

பந்தயம் ஞாயிறு பிற்பகல். சாப்பாட்டு மேசையில், கணினியோடு இணைக்கிற விளையாட்டு ஸ்டியரிங்கை இறுக்கினேன். கியர்த் தண்டை இடப்பக்கம் பொருத்தினேன். பெடல் பலகை தரையில் வழுக்கிக்கொண்டே போனதால் என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து காலை நீட்டி முட்டுக்கொடுத்தார். கணினித் திரையில் பாதை. பக்கத்தில் வைத்த டேப்லட்டில் எட்டுப் பேருடைய முகங்களும் தனித்தனிக் கட்டத்தில். தம்பி அவன் வீட்டுப் படுக்கையறையில் இருந்தான். அவள் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருந்தாள், பின்னால் சுவரில் ஒரு பெரிய பல்லின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. “அக்கா, ரெடியா?” என்று தம்பியின் குரல் கேட்டது. நானும் அவளும் ஒரே நேரத்தில் “ம்” என்றோம்.

விளக்கு பச்சையானது. எங்கள் கோஷ்டியின் மானம் அங்கேயே கப்பலேறியது. பழைய இன்ஜினைக் குளிரில் எழுப்பியவுடன் மிதித்தால் மூச்சடைத்து நின்றுவிடும் என்பது எங்கள் கால்களுக்குப் பழகிப்போன பயம். என்னைத் தவிர மூன்று பேரும் கணினியில் இருக்கிற வண்டியை, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி மெதுவாக மிதித்து, சூடேறட்டும் என்று காத்திருந்தார்கள். பொத்தான் கோஷ்டியும் லேசில்லை. டயர்க்கடைக்காரர் கிளட்சைத் தேடித் தேடி மூன்றாவது வளைவிலேயே புல்வெளிக்குப் போனார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசிச் சுற்றில் முன்னால் மூன்றே வண்டிகள் மிஞ்சின. முதலில் தம்பி, அவனை ஒட்டி நான், எனக்குப் பின்னால் அவள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வளைவுக்கு வெகு முன்பே பிரேக், ஒரு சின்ன நிதானம், பிறகு இரண்டாவது கியர், பிறகு அவசரமில்லாத இழுப்பு. அது அவள் ஓட்டுகிற விதம் இல்லை. அது நான் ஓட்டுகிற விதம். என் புடவையைக் கேட்காமல் எடுத்து உடுத்திக்கொண்டு ஒருத்தி என் முன்னால் நடப்பதுபோல் இருந்தது. எப்படிப் பாடம் நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. எங்கே பிரேக் பிடிப்பேன், எப்போது மூச்சு விடுவேன் என்பதுவரை அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஆத்திரத்தில் கண் மறைத்தது. அவனைத் தாண்டினால் முதலிடம் எனக்கு, இடப்பக்க இருக்கை என் கையில்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாதை கொண்டைஊசியாக மடங்கும். தாண்டுவதற்கு ஒரே இடம் அதுதான். அவனுடைய பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு போனேன். பிரேக், கிளட்ச், இரண்டாவது கியர். என் வாய், என்னைக் கேட்காமல், எத்தனையோ வருடமாகச் சொன்னதைச் சொன்னது.

“புடி.”

எனக்கு முன்னால் போன வண்டி திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. அதில் நான் மோதினேன். இரண்டு பச்சைப் பெட்டிகளும் சுற்றிச் சுற்றி நின்றன. பின்னால் வந்தவள் எங்களைப் பக்குவமாக ஒதுக்கிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினாள்.

பொது இணைப்பில் கூச்சல் கிளம்பியது. நான் வேண்டுமென்றே கத்திக் கவனத்தைக் கலைத்துவிட்டேன், இது அழுகுணி ஆட்டம் என்றார் டயர்க்கடைக்காரர். எங்கள் ஆட்கள் பதிலுக்குக் கத்தினார்கள். என்ன சொல்வது? கணினி வண்டியின் கியர் நழுவிவிடும் என்று பயந்தேன் என்றா? தம்பியின் கட்டத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“கொஞ்சம் இருங்க. பதிவான வீடியோவைப் போட்டுப் பாத்துடலாம்” என்றாள் பல் டாக்டர்.

தம்பியின் கேமராவை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள். கொண்டைஊசி வளைவு வருகிறது. அவன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குகிறான். “புடி” என்று என் குரல். உடனே அவனுடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலப்பக்கம் போகிறது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் காற்று. உள்ளங்கை கவிழ்ந்து, அந்தக் காற்றை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அவன் மேசையில் கியர்த் தண்டு இருந்தது இடப்பக்கம்.

அவள் அதை இன்னொரு முறை ஓடவிட்டாள்.

“கியர் இந்தப் பக்கம் இருக்கு. கை ஏன் அந்தப் பக்கம் போச்சு?” என்று கேட்டாள்.

“பழக்கம்” என்றான் தம்பி.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “என் வண்டில ஏத்திட்டுப் போனப்பவும் இதேதான். வளைவு வந்தா இவர் கை தானா கியருக்கு வந்துடும். ஒரு தடவ அமுக்கி நியூட்ரலுக்கே தள்ளிவிட்டுட்டார். ஆட்டோமேட்டிக் வண்டிங்க அது. அப்பறம் வழியெல்லாம் உங்க பேச்சுதான். எங்க அக்கா அப்படி ஓட்டும், எங்க அக்கா இப்படித் திருப்பும்னு. கேட்டுக் கேட்டு எனக்கே உங்க மேல கொஞ்சம் பொறாமைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டயர்க்கடைக்காரர்கூடச் சிரித்தார். மேசைக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர், “தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்” என்றார். மைக் திறந்தே இருந்ததால் அதற்கும் சிரித்தார்கள். அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் நான் கேமராவை அணைத்தேன். நான் போட்ட விதியை நானே மீறினேன்.

மறுநாள் குழுவில் மலைப் பயணத்துக்கான ஏற்பாட்டை அவள் அனுப்பினாள். பிழையில்லாமல், அழகாக, வண்டி வாரியாக. என் வீட்டுக்காரர் அவளுடைய வண்டியில். ஏசியில் தூங்கிக்கொண்டே போகலாம் என்று அவருக்கு ஏகக் கொண்டாட்டம். டயர்க்கடைக்காரர் எங்கள் கோஷ்டியின் ஓட்டை வண்டி ஒன்றில். தள்ளவேண்டியிருந்தால் அவர்தான் முதல் ஆள். என் வண்டிக்கு நேரே இப்படி இருந்தது: ‘ஓட்டுவது அக்கா, கியர் பிடிப்பது தம்பி.’

நான் ஜெயித்து வாங்க நினைத்ததை அவள் ஜெயித்துக் கொடுத்துவிட்டாள். சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். சந்தோஷம்தான். ஆனால் என் தம்பியை எனக்குத் தானமாகக் கொடுக்க இவள் யார் என்ற எரிச்சல் அந்தச் சந்தோஷத்துக்குள் கல்லாகக் கிடந்தது. அவள் சொன்னாள் என்றுதானே வருகிறான்? அவனாக வந்திருப்பானா? இந்தக் கேள்வியை மென்றுகொண்டே அந்த வாரம் முழுக்க ஊரார் எலும்புகளைப் படமெடுத்தேன்.

பயண நாள் காலை அவன் வந்தான். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கியர்த் தண்டில் கட்டியிருந்த சைக்கிள் டியூபைப் பார்த்தான். “இது என்ன கண்றாவி?” என்றான். என் பதிலுக்குக் காத்திராமல் அவிழ்த்துச் சுருட்டி, முன்பெட்டிக்குள் திணித்தான். அடிவாரம் தாண்டினோம். முதல் வளைவு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கை வந்திருந்தது.

பாதி மலையில், ஒரு நீண்ட வளைவின் நடுவில், முன்கண்ணாடிக்குக் கீழே அவன் வைத்திருந்த போன் அடித்தது. திரையில் ‘டாக்டர் அக்கா’ என்று வந்தது. அவன் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

“எடு. உங்க அக்காதான்” என்றேன். எவ்வளவு அடக்கியும் குரலில் மிளகாய் இருந்தது.

“வளைவு முடியட்டும்” என்றான்.

வளைவு முடிவதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிட்டது. அடுத்த வளைவு வந்தது. அவன் திருப்பிக் கூப்பிடவில்லை.

உச்சியில் எல்லா வண்டிகளும் வரிசையாக நின்றன. தம்பி போனை இருக்கையிலேயே போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனான். அவள் அவனைப் பார்த்துக் கையசைத்தாள். என் வீட்டுக்காரர் அவளுடைய பின் இருக்கையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவனுடைய போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘டாக்டர் அக்கா.’ அப்படியானால் நான் யார்? ‘பெரிய அக்கா’வா, ‘எக்ஸ்ரே அக்கா’வா, ‘பச்சை வண்டி அக்கா’வா? இந்த வயதில் இப்படி ஒரு புத்தியா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே என் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினேன்.

இருக்கையில் கிடந்த போன் அதிர்ந்து வெளிச்சமானது. ‘அக்கா’ என்று வந்தது. முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

அவசரமாகத் துண்டித்தேன். அவன் இரண்டு கோப்பைகளோடு வந்து கதவைக் காலால் திறந்தான். போனை எட்டிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“கூப்ட்டியாக்கா?”

“இல்ல. கை பட்டுருச்சு” என்றேன்.

அவன் ஒரு கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான்.